தங்கமணிக்காக ஊதிய சங்கு

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். குழந்தைகளைப் பார்ப்பவர். அவருடைய அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கிறது. குழந்தைக்கு ஆட்டிசம் என்று கேட்டுவிட்டு வெளியே வருகிற அப்பாவும் அம்மாவும் அதில் உட்கார்ந்துவிடுகிறார்களாம். பஸ்ஸுக்கு நேரமானாலும் எழுந்திருப்பதில்லையாம். "அவங்க அங்க உட்கார்ந்திருக்கற நேரத்துல படிக்கறதுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் ஒரு நூல் மில்லில் பாய்லர் பார்த்தவன். கண் மங்கி, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் சரியாகத் தெரியாமல் போனதால், தலை முழுக்க நரைப்பதற்குள்ளேயே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு பேர் என்னையே பார்த்தால் காது சிவந்துவிடும் எனக்கு. இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பாய்லரைப் பத்தியே எழுதுங்க. தங்கமணி தானா உள்ள வந்துருவா" என்றார். தங்கமணி என்ற பெண்ணைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

ஆகவே பாய்லரிலிருந்து தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் விறகு சுமந்தேன். பிறகு விறகு தள்ளினேன். பிறகு சாம்பல் அள்ளினேன். இப்படியே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள் முடிந்துவிட்டன. அறுபதுகளில்தான் குமாரசாமி போர்மேன் என்னைப் பாய்லருக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்.

போர்மேனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மனிதர்களிடம் நேரடியாகப் பேசமாட்டார். பாய்லரிடம்தான் பேசுவார். நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் தாமதமாக வந்தால் பாய்லரைப் பார்த்து, "ஏனுங்க, உங்க ஆளு இப்பத்தான் எந்திரிச்சு வாராருங்க. கோவிச்சுக்காதீங்க" என்பார். தண்ணீர் மட்டம் குறைந்திருந்தால், "உங்களுக்குத் தாகம் எடுக்கறது இவருக்குத் தெரியலைங்க" என்பார். ஒருமுறை சம்பள உயர்வு கேட்டேன். "பாருங்க, இவருக்கும் பிரஷர் ஏறுது" என்று பாய்லரிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாயாடாத எனக்கு அவர் தோதான மேலதிகாரி. இருவரும் வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நன்றாக வேலை செய்தோம்.

எங்கள் மில்லின் கூரைமேல் இருந்த நீராவிச் சங்கை ஊதுவது பாய்லர் ஆளின் வேலை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. கேட்பவர்களுக்கு அது ஒரு சங்கிலியை இழுக்கிற வேலையாகத் தெரியும். அப்படியில்லை. முதலில் பிரஷர் முள்ளைப் பார்க்க வேண்டும். பிறகு கூரைக்குப் போகிற குழாயில் தங்கியிருக்கும் தண்ணீரை அடிக் குழாயைத் திறந்து வடித்துவிட வேண்டும். வடிக்காமல் இழுத்தால் சங்கு வாய் கொப்பளிக்கும். வடித்தபின் சங்கிலியை மெல்ல இழுத்து, குழாய் சூடேறும்வரை பொறுத்து, அப்புறம்தான் முழு மூச்சில் இழுக்க வேண்டும். விடும்போதும் அப்படியே. ஆவியைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்ந்து தடதடவென்று அடித்துக்கொள்ளும். போர்மேனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குப் பாய்லரிடம் என்னைப் பற்றி நிறையப் பேசுவார்.

அந்தச் சங்கு வேலம்பாளையம் தாண்டி நெருப்பெரிச்சல்வரை கேட்கும். மதியச் சங்குக்கு உலை வைக்கிறவர்கள், மாலைச் சங்குக்கு மாடு கறக்கிறவர்கள் என்று ஊரே அதன்படி நடந்தது. மில்லுக்கு வார விடுமுறை உண்டு. சங்குக்குக் கிடையாது. இரண்டு பாய்லர்கள் இருந்ததால் ஒன்று ஓய்வெடுத்தாலும் மற்றது ஊதும்.

மில் சுவருக்குப் பின்னால் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அதில் ஒன்றில் செல்லமுத்து குடியிருந்தார். எங்கள் தொழிற்சங்கத்துக்குத் தலைவர். அவர் மனைவி ருக்குமணி. ஒரே மகள் தங்கமணிக்கு அப்போது ஏழு வயது இருக்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முகம் பார்க்கமாட்டாள். பேச்சு இல்லை. நூல் சுற்றித் தீர்ந்த கட்டைகளை நாள் முழுக்க வாசலில் வரிசையாக அடுக்குவாள். வரிசையில் ஒன்றை யாராவது தொட்டால் தெரு அதிர அழுவாள். முருகன் மலைக்கு நடந்தார்கள், மொட்டை போட்டார்கள், கயிறு கட்டினார்கள். காது கேட்காது என்று ஒரு வைத்தியர் சொன்னார். சரியாக அந்த நேரம் மதியச் சங்கு ஊதியது. தங்கமணி வைத்தியரின் காலைத் தாண்டி ஓடிப்போய்த் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்துகொண்டாள். வைத்தியர் தன் பீஸை வாங்காமலே போனார்.

அவளுக்குச் சோறு என்றால் சங்கு. ஊதினால் சாப்பிடுவாள். ஊதாவிட்டால் தட்டில் என்ன வைத்தாலும் தொடமாட்டாள். ருக்குமணிக்கு ஒருவகையில் அது நிம்மதி. "ஊர்ல எல்லாரும் புள்ளைய முடுக்கி முடுக்கிச் சோறு ஊட்றாங்க. எனக்கு மில்லுக்காரனே ஆளு வெச்சுக் கூப்பிட்டுக் குடுக்கறான்" என்பாள். அந்த ஆள் நான்தான். இப்படித்தான் வருடக்கணக்காக, என்னை ஒருமுறையும் பார்க்காத ஒரு குழந்தைக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கடிகாரத் தகராறு வந்தது.

காலைச் சங்கு முன்கூட்டியே ஊதுகிறது, மாலைச் சங்கு பிந்தி ஊதுகிறது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். மேனேஜர் தன் அறைச் சுவர்க் கடிகாரம் சரி என்றார். போர்மேன் தன் இடுப்புக் கடிகாரத்தைத் தவிர எதையும் நம்பமாட்டார். ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே இரண்டு கடிகாரங்கள் இருந்தன. பிளாட்பாரத்தில் ஒன்று ஒரு நேரம் காட்டியது, டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒன்று வேறு நேரம் காட்டியது. மேனேஜர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார், செல்லமுத்து மற்றதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் வேலைநிறுத்தம்.

செல்லமுத்து கேட்டில் ஸ்டூல் போட்டு ஏறிப் பேசினார். "நம்மளை ஏமாத்தற அந்தச் சங்கு, நேரத் தகராறு தீர்ற வரைக்கும் ஊதாது" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பாய்லர் ஆட்களும் வாட்ச்மேனும் வேலைநிறுத்தத்தில் சேர வேண்டியதில்லை என்பது மில்களில் வழக்கம். தீ அணையாமல் பார்க்க நாங்கள் உள்ளே இருந்தோம். ஆனால் மேனேஜர் கள்ளத்தனமாக ஊதச் சொல்லிவிடுவாரோ என்று சங்கம் சந்தேகப்பட்டது. சங்கம் ஆள் ஏவி ஊதிவிடுமோ என்று மேனேஜர் சந்தேகப்பட்டார். எனவே சங்கிலிக்கு இரண்டு பூட்டுகள் போட்டார்கள். ஒரு சாவி மேனேஜரிடம், ஒரு சாவி செல்லமுத்துவிடம்.

போர்மேன் அதைப் பார்த்தார். பிறகு பாய்லரைத் தட்டிக்கொடுத்து, "ஒரு தொண்டைக்கு ரெண்டு பூட்டுங்க. பெரிய ஆளாயிட்டீங்க" என்றார்.

அன்று மதியம் தங்கமணி சாப்பிடவில்லை.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். மாலையிலும் அப்படியே. மறுநாள் காலையிலும் அப்படியே. தண்ணீர் மட்டும் குடித்தாள். லைன் வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தர் வாயைக் குவித்துச் சங்கு மாதிரியே ஊதிக் காட்டினார். ஒருத்தர் கோயில் சங்கை வாங்கிவந்து ஊதினார். பஸ் டிரைவர் ஒருவர் ரப்பர் ஹாரனைக் கழற்றிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுக்காரர் கொம்பு வாத்தியக்காரர் ஒருவரையே கூட்டிவந்துவிட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் முயன்றார்கள். மில்லின் சங்கு ஊர் முழுக்கக் கேட்டபோது கண் இமைக்காத பெண், இந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். சுவருக்கு இந்தப்புறம் வாட்ச்மேன், தொழிலாளர்கள் மில்லை முற்றுகையிட வருகிறார்கள் என்று நினைத்துக் கேட்டுக்கு இன்னொரு பூட்டுப் போட்டார்.

ருக்குமணி பாய்லர் வீட்டின் பின்கதவுக்கு வந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்கண்ணா, ஒரே ஒருக்கா ஊதுங்க. ஒரு வாய் தின்னுட்டாப் போதும்."

"என் கையில என்ன இருக்குது அம்மிணி. ரெண்டு பூட்டு."

"கம்பவுண்டர் வந்து பாத்தாருங்க. இப்படியே போனாக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்குல குழாய் விடோணுங்கறாரு. போன வருசம் காய்ச்சல்ல விட்டாங்கல்லங்க. கையக் கால கட்டிப் போட்டுத்தான் விட்டாங்க. அதுக்கப்பறம் மாசக்கணக்கா என்னையவே கிட்ட சேத்தலைங்க. அதுக்கு மறுக்கா எம் புள்ளையக் கொண்டுபோகமாட்டேனுங்க."

"உங்க ஊட்டுக்காரர்கிட்ட ஒரு சாவி இருக்குதே."

"அவருகிட்ட நான் பேசறதில்லீங்க" என்றாள். "நேத்து மதியத்துலருந்து."

ஆனால் பேசினாள் போலிருக்கிறது. சாயங்காலம் வேப்பமரத்தடியில் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. பாய்லர் ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜரும் குடையோடு வந்து சற்றுத் தள்ளி நின்றார். செல்லமுத்துவும் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தான் நிறுத்திய சங்கைத் தானே ஊதச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வேறு யாரோதான் எடுத்துச் சொன்னார்கள்.

"ஊதலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் மேனேஜர். அவர் மெட்ராஸ் பக்கத்துக்காரர். "ஆனால் சங்கு ஊதினால் மில் திறந்திருக்கிறது என்று அர்த்தம். திறந்திருக்கிற மில்லுக்கு வராதவர்களுக்கு ஆப்சென்ட் போடுவேன்."

"சாப்பாட்டுச் சங்கு வெளிய விடற சங்குங்க. அதுக்கு எப்படிங்க ஆப்சென்ட் போடுவீங்க?" என்றார் செல்லமுத்து.

"வெளியே போக வராதவர்கள் என்று போடுவேன்."

கூட்டத்தில் வயதான ஒருவர் எழுந்தார். "எனக்கு ஒண்ணு புரியலீங்க. உள்ள ஒருத்தருமே இல்லாத மில்லுலருந்து யார வெளிய விடறதுங்க?"

இந்தக் கேள்வி எல்லாரையும் பிடித்துக்கொண்டது. சங்கு வெளியே விடுகிறது என்று ஒத்துக்கொண்டால் நாம் உள்ளே இருந்தோம் என்றாகிவிடும், அப்படியானால் வேலைநிறுத்தமே நடக்கவில்லை என்றாகிவிடும் என்று ஒருவர் பயந்தார். உள்ளே இருந்தோம் என்றால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்கலாமே என்றார் இன்னொருவர். மேனேஜர் உடனே, அவர்கள் உள்ளே இருக்கவில்லை என்பதற்குத் தானே சாட்சி என்றார். தங்கமணியை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அப்போது ருக்குமணி கூட்டத்துக்குள் வந்தாள். இடுப்பில் தங்கமணி. ஏழு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கினால் அவள் கால் தூக்கியவரின் முழங்காலுக்குக் கீழே தொங்கும். அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை. தட்டை மட்டும் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். ருக்குமணி அவளைச் சுமந்தபடியே கூட்டத்தை விலக்கினாள். செல்லமுத்துவின் முன்னால் போய் நின்றாள்.

கூட்டம் உடனே தீர்மானத்துக்கு வந்தது. ஊருக்கு அறிவித்துவிட்டு நாளை மதியத்திலிருந்து ஊதப்போவது மில் சங்கு அல்ல, தங்கமணியின் சங்கு. அது யாரையும் உள்ளே கூப்பிடாது, வெளியே விடாது. மேனேஜரும் குடையை மடக்கிக்கொண்டு தலையாட்டினார். ஆனால் இரண்டு தரப்பும் ஒரு கெடு வைத்தார்கள். அமாவாசைவரைதான். அதற்குப் பிறகு சங்கு இல்லாமல் அவள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி.

மறுநாள் காலை குதிரை வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொன்னார்கள்: "இன்னைக்கு மத்தியானம் சங்கு ஊதும். அது தங்கமணி சோறு திங்கறதுக்கு. தொழிலாளர்கள் யாரும் வேலைக்கு வர வேண்டாம்."

மதியம் மேனேஜர் ஒரு பூட்டைத் திறந்தார். செல்லமுத்து ஒரு பூட்டைத் திறந்தார். தண்ணீர் வடித்து, மெல்ல இழுத்து, பிறகு முழுதாக இழுத்தேன். சுவருக்குப் பின்னாலிருந்து ஆள் ஓடிவந்தது. தங்கமணி உட்கார்ந்துவிட்டாள், இரண்டு தட்டுச் சோறு போய்விட்டது என்றது. செல்லமுத்து அங்கேயே விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் எழுந்திருப்பதற்குள் மத்தியான ஷிப்ட் ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு கேட்டில் வந்து நின்றுவிட்டார்கள். கால்களுக்கு ஒலிபெருக்கி கேட்கவில்லை. சங்கு கேட்டது, வந்துவிட்டன. ஏன் வந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பழனிச்சாமி என்பவர் வாட்ச்மேன் திறந்த சந்தில் உள்ளேயே போய்விட்டார். தன் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, இன்றைக்கு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றவரை நான்தான் வெளியே கூட்டிவந்தேன். வேலைநிறுத்தம் முறிந்துவிட்டது என்றார் மேனேஜர். எண்ணெய் போடுவது வேலையில் சேராது என்றார் செல்லமுத்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு சங்குக்கும் முன்னால் சங்கம் ஆட்களை நிறுத்திவைத்து, வருகிற தங்கள் ஆட்களைத் தாங்களே தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இனி நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம் வருகிறது.

போர்மேன் பாய்லரிடம் சொன்னார்: "ஆவிய வெடுக்குன்னு அடைச்சா உங்க குழாய் என்ன பாடு படுதுங்க? அந்தப் புள்ளைக்கு மட்டும் வெடுக்குன்னு அடைச்சுட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் அதை ருக்குமணியிடம் சொன்னேன். அவள் யோசித்து, "அப்ப சங்கு கொறையறப்ப கூடவே வேற ஒண்ணு ஏறோணும்ங்கண்ணா. இல்லாட்டி அவ எதப் புடிச்சுக்குவா?" என்றாள். வீட்டில் ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. சங்கு ஊதும் அதே நேரத்தில் ருக்குமணி அந்தத் தட்டைக் கரண்டியால் ஒரே ஒரு தட்டு தட்டுவாள். தங்கமணி உட்கார்ந்த நொடியே முதல் வாய் கருப்பட்டி போட்ட சோறு. நடுவில் பேச்சு கிடையாது, கொஞ்சல் கிடையாது, வேடிக்கை பார்க்கிறவர்கள் கிடையாது. லைன் வீட்டுப் பெண்களை வாயை மூடவைப்பது மேனேஜரைச் சம்மதிக்கவைப்பதைவிடச் சிரமமாக இருந்தது.

சங்கைக் குறைப்பது என் பங்கு. வால்வைப் பாதி திறந்து பார்த்தேன். சங்கு வேறு குரலில் முனகியது. தங்கமணி எழுந்து போய்விட்டாள். குரல் மாறக் கூடாது, அளவு மட்டும் குறைய வேண்டும். போர்மேன் பாய்லரிடம் ஆலோசனை கேட்டார். பாய்லர் என்ன சொன்னதோ, என்னிடம் ஒரு கோணிப்பையைக் கொடுத்தார். அதற்குள் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணி. மெஷின் துடைக்க நாங்கள் மூட்டையாக வாங்கிவைப்போம். அதைக் கூரைமேல் ஏறிச் சங்கின் வாயில் அடைத்தேன்.

முதல்தடவை இழுத்தபோது ஆவி அவ்வளவு துணியையும் வானத்தில் துப்பிவிட்டது. கேட்டில் நின்ற தொழிலாளர்கள்மீது வெள்ளைத் துண்டுகளாகக் கொட்டியது. மேனேஜர் வெள்ளைக்கொடி காட்டிவிட்டார் என்று சிலர் விசிலடித்தார்கள். அடுத்த தடவை கம்பி வலை போட்டுக் கட்டினேன். நின்றது.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக அடைத்தேன். சங்கு கம்மியது. ருக்குமணியின் தட்டு கேட்கத் தொடங்கியது. ஊரில்தான் குழப்பம். உலைவைப்பது தாமதமானது, மாடுகள் நேரம் கெட்டுக் கத்தின. டீக்கடையில் என்னை நிறுத்தி, "ஏனப்பா, உங்க சங்குக்குச் சளி புடிச்சிருக்குதா?" என்றார்கள். ஒரு பெரியம்மா நிஜமாகவே சுக்குக் கஷாயம் காய்ச்சிச் சொம்பில் கொடுத்தனுப்பிவிட்டார். யாருக்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்ததால் நானே குடித்தேன்.

நடுவில் ஒரு தவறு நடந்தது. அமாவாசை நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் செல்லமுத்து தானே கூரைக்கு ஏறி, நான் வைத்திருந்ததற்குமேல் ஒரு மூட்டையே திணித்துவிட்டார். அன்று மதியம் சங்கு பூனை இருமுவதுபோல் இருமியது. தங்கமணி தட்டைக் கவிழ்த்தாள். மாலையிலும் சாப்பிடவில்லை. எல்லாம் போயிற்று என்று செல்லமுத்து ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். போர்மேன் பாய்லரைப் பார்த்து, "பிரஷர் எறங்கிட்டா என்னங்க பண்ணுவோம். மறுக்கா வெறகு போடுவோம். அழுவோமுங்களா?" என்றார். நான் ஏறி முந்தாநாள் இருந்த அளவுக்குத் துணியை எடுத்தேன். மறுநாள் காலை சாப்பிட்டாள். பின்னால் போவதும் வேலையில் ஒரு பகுதிதான். டாக்டரம்மா இதைக் கேட்டபோது, இந்த இடத்தைக் கட்டாயம் எழுதுங்கள் என்றார். இதற்கெல்லாம் புத்தகத்தில் முறையும் பெயரும் இருக்கிறதாம். அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதுகிறேன். அவள் பிடிவாதத்தால் பட்டினி கிடக்கவில்லை. எப்போது என்ன நடக்கும் என்று தெரியாத உலகத்தில் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது அந்தச் சங்கு ஒன்றுதான். அதை நாங்கள் பூட்டிவிட்டோம். ருக்குமணி வளர்த்த விதத்தில் குறை என்று முன்பு யாரோ சொல்லியிருந்தார்களாம். அதுவும் பொய் என்று டாக்டரம்மா சொன்னார்.

அமாவாசை வந்தது. காலையில் சங்கு வெறும் மூச்சாக மட்டும் வந்தது. மதியத்துக்குச் சங்கிலியை இழுக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். மேனேஜரும் செல்லமுத்துவும் பழக்கத்தில் வந்து பூட்டுகளைத் திறந்துவிட்டு நின்றார்கள். நான் சங்கிலியைத் தொடாமல் பின்கதவு வழியாக லைன் வீட்டுப் பக்கம் போனேன். செல்லமுத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. தங்கமணி வாசலில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ருக்குமணி தட்டைத் தட்டினாள். ஒரே தட்டு.

தங்கமணி அசையவில்லை. கையிலிருந்த கட்டையை வரிசையில் வைத்தாள். அடுத்த கட்டையை எடுத்தாள். ருக்குமணியின் கை மறுபடி கரண்டியை ஓங்கியது. ஒரு தடவைதான் என்பது நாங்கள் வைத்த சட்டம். உதட்டைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினாள். தங்கமணி எழுந்தாள். கூரையைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் கையைப் பார்த்தாள். போய் உட்கார்ந்தாள். ருக்குமணி முதல் வாயை ஊட்டும்போது சோறு பாதி கீழே சிந்தியது.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். நான் ஓடியதையும் சத்தமாகப் பேசியதையும் அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். மேனேஜர் செல்லமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். எதற்குக் குலுக்கினோம் என்று இருவருக்கும் சங்கடமாகிவிட்டது. கை கொடுத்தபின் மறுபடி சண்டை போட யாருக்கும் மனமில்லாமல், அந்த வாரமே சமாதானம் ஆயிற்று. புதிதாக ஒரு கடிகாரத்தை வாங்கிக் கேட்டில் மாட்டினார்கள். அது சரியான நேரம் காட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் துணியையெல்லாம் எடுத்துவிட்டேன். சங்கு பழையபடி நெருப்பெரிச்சல்வரை ஊதியது. தங்கமணி மறுபடி சங்கின் பின்னால் போய்விடுவாளோ என்று ருக்குமணிக்குப் பயம். போகவில்லை. சங்கு ஊதும்போது அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டினால்தான் எழுந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு முற்பகல், செல்லமுத்து வீட்டு வாசலில் நின்று அவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ருக்குமணி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உள்ளே தட்டுச் சத்தம் கேட்டது. ஒரே தட்டு.

ருக்குமணி வெளியே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்களா தட்டினீங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

"நான் இங்க நிக்கறேன்ல" என்றார் செல்லமுத்து.

மூவரும் உள்ளே பார்த்தோம். தங்கமணி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பித்தளைத் தட்டு, கையில் கரண்டி. எங்களைப் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குப் பசிக்குதுங்க" என்றாள் ருக்குமணி. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை. ருக்குமணி ஈரக் கையோடு அடுப்படிக்கு ஓடினாள். சோறு இல்லை. முந்தின நாள் பழைய சோறுகூட மாட்டுக்குப் போய்விட்டது. அரிசியை அவசரமாக அடுப்பில் போட்டு, வேகும்வரை தாங்காமல் டப்பாக்களைக் கவிழ்த்து, கடைசியில் ஒரு பிடி பொரியும் கருப்பட்டியும் கண்டுபிடித்துத் தட்டில் போட்டாள்.

"இந்தா கண்ணு, வந்துட்டேன், வந்துட்டேன். நீ கூப்புடுவீன்னு அம்மாவுக்குத் தெரியாமப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கமணி பொரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள்.